விடுமுறை காலண்டரா, கடல் காலண்டரா? மாமல்லபுரம் முதல் தரங்கம்பாடி வரை 3 நாள் ட்ரிப்... எப்போ போகணும், எங்கே இறங்கக் கூடாது?

ரீல்ஸைத் திறந்தாலே இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின். நீலக் கடல், வெள்ளைச் சுவர், கல் பாவிய தெரு. பார்த்துவிட்டு, 'நமக்கெல்லாம் இது எங்கே' என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த மத்தியதரைக் கடல் ஊர்களில் செய்த ஒயின் ஜாடிகள் சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கரையில் வந்து இறங்கியிருக்கின்றன. அந்த இடம் குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு பகல் பயணத் தூரம்தான்.

மாமல்லபுரம், புதுச்சேரி, பூம்புகார், தரங்கம்பாடி... பல்லவர், சோழர், ரோமானிய வணிகம், பிரெஞ்சு, டேனிஷ் என்று இத்தனை வரலாறு ஒரே சாலையோரம் கிடக்கும் கரை இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, குத்தம்பாக்கம் பக்கம் இருக்கிறவங்க இதை எப்படித் திட்டமிடலாம்? எந்த மாதம் சரி? எவ்வளவு செலவு? கடலில் இறங்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் செலவுக் கணக்கு

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. கணவன், மனைவி, அந்த வயதில் இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 270 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 27,000 ரூபாய். விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. இதுபோக, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் தனி.

போய்ச் சேர்ந்தாலும் கூட்டம்தான். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் இருந்து, தங்காமல் ஒரே நாளில் வந்து போகிற சுற்றுலாப் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அதே ஆண்டு ஜூலையில் பார்சிலோனா மக்கள் தெருவில் இறங்கி, சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி எதிர்ப்பு காட்டினார்கள்.

இப்போ நம்ம பக்கம். குத்தம்பாக்கத்தில் கிளம்பி, மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், பூம்புகார், தரங்கம்பாடி பார்த்துத் திரும்ப மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் என்றால் 40 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் 4,000 ரூபாய். அங்கே நாலு பேருக்கு விசா கட்டணமாகக் கொடுப்பதில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை.

மத்தியதரைக் கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கிரேக்க மொழி பேசும் வணிகர் ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் கையேடுதான் 'பெரிப்ளஸ்'. அதில் நம்ம கிழக்குக் கரையின் மூன்று துறைமுகங்கள் வரிசையாக வருகின்றன: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம், பொதுகே என்பது புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு, சோபட்மா என்பது மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலரும் அடையாளம் காண்கிறார்கள். நாம் போகப்போகும் சாலையில் இந்த மூன்று ஊர்களும் வருகின்றன.

1945இல் மார்ட்டிமர் வீலர் தலைமையில் அரிக்கமேட்டில் அகழாய்வு நடந்தது. இத்தாலியில் செய்யப்பட்ட பளபளப்பான சிவப்பு மண்பாண்டங்கள், ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகள், மணி செய்யும் தொழில் நடந்ததற்கான தடயங்கள் எல்லாம் கிடைத்தன. பின்னாடி 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடியும் தோண்டிப் பார்த்தது. இந்த ஊர் ரோமானியர்கள் வருவதற்கு முன்பே இருந்தது, அவர்கள் வரத்து நின்ற பிறகும் இருந்தது என்பது அந்த ஆய்வில் தெளிவானது. அதாவது, யாரோ வந்து உருவாக்கிக் கொடுத்த ஊர் இல்லை. ஏற்கெனவே இருந்த ஊரைத் தேடித்தான் அந்தச் சரக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கால மாலுமிகள் இஷ்டப்பட்ட நாளில் கிளம்பவில்லை. எகிப்துக் கரையிலிருந்து ஜூலை வாக்கில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வருவார்கள். காற்று திசை மாறிய பிறகு திரும்புவார்கள். பயணத் தேதியை முடிவு செய்தது கடல்தான்.

இன்று நாம் செய்வது அப்படியே தலைகீழ். பள்ளி லீவு, தீபாவளி, நியூ இயர் என்று பார்த்துத் தேதியை முடிவு செய்கிறோம். கடல் என்ன நிலையில் இருக்கிறது என்று கடைசியில்தான் பார்க்கிறோம். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

விடுமுறை காலண்டர் ஏன் ஒத்துவராது?

தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் உருவாகிற நேரமும் இதுதான்.

நாம் போகும் இதே சாலையில் கடந்த சில ஆண்டுகளில் மட்டும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. 2020 நவம்பரில் நிவர், மரக்காணம் புதுச்சேரி இடையே. 2022 டிசம்பரில் மாண்டஸ், மாமல்லபுரம் அருகே. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், புதுச்சேரி அருகே. ஃபெஞ்சல் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நான்கு புயலும் நவம்பர், டிசம்பரில். நான்கும் இதே கரையில்.

பொங்கல் லீவில் மழை குறைந்துவிடும். ஆனால் காணும் பொங்கல் அன்று கடற்கரைகளில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று மெரினாவில் கடலில் இறங்கத் தடை போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. மாமல்லபுரத்திலும் கூட்டம் அலைமோதும்.

மே மாதம்? மே 4 முதல் 28 வரை பொதுவாக அக்னி நட்சத்திரம். கருங்கல் சிற்பங்களுக்கு நடுவே காலை 10 மணிக்கு மேல் நிற்க முடியாது. செருப்பு இல்லாமல் கோயில் பிராகாரம் சுற்றுவது இன்னும் கஷ்டம். இதோடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகில் பிடிக்கிற மீன்தான் கிடைக்கும். வஞ்சிரம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

அப்போ எப்போதான் போறது?

பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மாமல்லபுரத்து இந்திய நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் நடக்கும். அதன் கடைசி நாட்களோடு பயணத்தைச் சேர்க்க முடிந்தால் இரட்டை லாபம்.

இதே பருவத்தில்தான் மாசி மகம். புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். மாமல்லபுரம் கடற்கரையில் பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் வந்து குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணப் பேச்சும் கல்யாணமும் நடத்துவார்கள். நம்ம திருவள்ளூர் மாவட்டத்து இருளர் குடும்பங்களும் போவதுண்டு. பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது அவர்கள் வீட்டு விசேஷம். அனுமதி கேட்காமல் கேமராவை நீட்டக் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் நேரமும் கூட. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தி நினைவிருக்கும். ராத்திரி கடற்கரையில் டார்ச், செல்போன் ஃப்ளாஷ் அடிப்பதைத் தவிர்த்தாலே பெரிய உதவி.

ஷிப்டில் வேலை செய்றவங்களுக்கு ஒரு அட்வான்டேஜ்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், திருமழிசை, அம்பத்தூர் எஸ்டேட்... நம்ம பகுதியில் நிறைய பேருக்கு வார விடுமுறை ஞாயிறாக இருப்பதில்லை. 'எல்லோரும் லீவில் இருக்கும்போது நமக்கு மட்டும் டியூட்டி' என்பது வழக்கமான வருத்தம். இந்த ட்ரிப்புக்கு மட்டும் அது வரம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஈசிஆரும் புதுச்சேரியும் நிரம்பி வழியும். செவ்வாய், புதன், வியாழன் என்றால் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம், சாலையும் காலியாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால் இது நடக்காது, உண்மைதான். அப்படி என்றால் ஞாயிறு காலை கிளம்பி, திங்கள் ஒரு நாள் லீவு போட்டுத் திரும்புவது நல்லது. ஊரே சென்னைக்குத் திரும்பும் நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

குத்தம்பாக்கத்திலிருந்து எப்படிப் போவது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குத்தம்பாக்கம் புதிய பஸ் முனையம் காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு என்று மேற்குப் பக்கம் போகிற பஸ்களுக்காகத் திட்டமிடப்பட்டது. கடற்கரைப் பக்கம் போக அதை நம்பி நிற்க வேண்டாம்.

காரில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நசரத்பேட்டை பக்கம் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம், ஈசிஆர். இன்னொன்று, நகரத்துப் பக்கமே திரும்பாமல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். காலை 6 மணிக்கு முன் கிளம்பினால் இரண்டாவது வழி நிம்மதி. கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டால் ஒரகடத்தில் நேரம் போகும்.

எண்ணூரையும் மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரியையும் இணைக்கும் சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலைத் திட்டம் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகத்தான் வருகிறது. அது முழுசாக முடிந்தால் மேற்குப் புறநகருக்கும் கடலுக்கும் நடுவே நேர் வழி திறக்கும்.

பஸ்ஸில் என்றால், பூந்தமல்லியிலிருந்து 66 பிடித்துத் தாம்பரம், தாம்பரத்திலிருந்து 515 பிடித்து மாமல்லபுரம். இன்னொரு வழி, காஞ்சிபுரம் போய் அங்கிருந்து செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம். பல்லவர்களின் தலைநகர் காஞ்சி, துறைமுகம் மாமல்லை. தலைநகரையும் துறைமுகத்தையும் ஒரே பயணத்தில் சேர்த்துப் பார்த்த மாதிரி ஆகும்.

ரயில் விரும்புகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் ரயில்கள் இருக்கின்றன. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது.

நாள் 1: மாமல்லபுரம், ஆலம்பரை, புதுச்சேரி

மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டும் காலை 6 மணிக்கே திறந்துவிடும். இந்தியர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட், 15 வயதுக்குக் கீழே இலவசம். வாங்கிய டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டு இடத்துக்கும் அதுவே போதும். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டிய கடற்கரைக் கோயிலை முதலில் பாருங்கள். அதற்குக் காலை வெயில்தான் அழகு. கோவிட் காலத்து 2021-22 கணக்கில், வெளிநாட்டுப் பயணிகள் வருகையில் தாஜ் மஹாலையே மாமல்லபுரம் முந்தியது.

நேரம் இருந்தால் ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகை. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட தடயங்களை வைத்துத் தோண்டியபோது இங்கே பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது.

தெற்கே இறங்கினால் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவுக்குக் கொடுக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டது. உப்பங்கழியும் கடலும் சேரும் இடத்தில் உடைந்த மதில். நிழல் கிடையாது, கடை கிடையாது. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். அங்கிருந்து உப்பளங்கள் வெள்ளையாக விரியும் மரக்காணம் வழியாகப் புதுச்சேரி. ஈசிஆரின் இந்தப் பகுதியில் நான்குவழிச் சாலைப் பணி நடப்பதால் மாற்றுப்பாதைகளும் மணல் மேடுகளும் வரும். இருட்டுவதற்குள் சேர்ந்துவிடுவது நல்லது.

நாள் 2: அரிக்கமேடு, புதுச்சேரி, சிதம்பரம்

காலையிலேயே அரிக்கமேடு. ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது. அங்கே பெரிய கட்டடமோ, ஒலி-ஒளிக் காட்சியோ கிடையாது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாமரங்கள், செங்கல் சுவரின் மிச்சம். அவ்வளவுதான். அதனால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால், கண்ணுக்குத் தெரியாதது மனசுக்குத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் இந்த வரிசையைப் பின்பற்றலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1674 வாக்கில் புதுச்சேரியில் காலூன்றினார்கள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி முழுமையாக இணைந்தது. மஞ்சள் சுவர்த் தெருக்களில் போட்டோ எடுக்கும்போது, அது செட் இல்லை, ஆட்கள் குடியிருக்கும் வீடு என்பதை மறக்க வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடக்க அருமையான இடம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு கடலூர் வழியாகச் சிதம்பரம். இரவு அங்கே தங்கலாம். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் மறுநாள் காலை பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு.

நாள் 3: பூம்புகார், தரங்கம்பாடி

சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகப் பூம்புகார் சுமார் 40 கிலோமீட்டர். பெரிப்ளஸ் சொன்ன கமரா. ஏற்றுமதி, இறக்குமதி மூட்டைகளுக்குச் சோழர் புலி முத்திரை குத்திய துறைமுகம் என்று பட்டினப்பாலை காட்டும் ஊர். இன்று கடற்கரையில் நின்றால் தெரிவது மணலும் கல் கொட்டிய கரையும்தான். பழைய நகரத்தின் ஒரு பகுதி கடலுக்குள். 2025 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை பூம்புகார் பக்கம் கடலுக்கடியில் ஆய்வைத் தொடங்கியது. கீழையூரில் கண்டெடுத்த செங்கல் படகுத்துறையும், சிலப்பதிகாரக் கலைக்கூடமும் கரையில் பார்க்கக் கிடைப்பவை.

அங்கிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் வாக்கில் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, 1714-15இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இதே ஊரில்தான். தமிழ்ப் புத்தகத்தின் கதை பிடித்தவர்களுக்கு இந்தத் தெரு தனி அனுபவம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு. எந்த நாள் என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள்.

மதியம் 2 மணிக்குள் கிளம்பினால்தான் இரவு 9, 10 மணிக்கு வீடு. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டும் திட்டம் வேண்டாம்.

சரி, கடலில் இறங்கலாமா?

நேரான பதில்: இந்தச் சாலையில் பெரும்பாலான இடங்களில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு. மத்தியதரைக் கடல் நிலத்தால் சூழப்பட்ட கடல். ஏற்றவற்றம் குறைவு, கோடையில் பெரும்பாலும் அமைதி. நம்முடையது திறந்த வங்கக் கடல். அலை நேராக வந்து கரையில் உடையும். ரீல்ஸில் பார்த்த மாதிரி இங்கே மிதக்கலாம் என்று நினைப்பதுதான் ஆபத்தின் ஆரம்பம்.

இதில் முக்கியமானது, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். இதை ரிப் கரண்ட் என்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய வழியாக வேகமாகத் திரும்பும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக, கலங்கிய நிறத்தில் தெரியும். 'இங்கே அலையே இல்லை, பிள்ளைகளை இறக்கலாம்' என்று நாம் தேர்ந்தெடுப்பது பல நேரம் அந்த இடத்தைத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தி மூச்சு வாங்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை குறைந்த பிறகு கரைக்கு வர வேண்டும். நீந்தத் தெரியாதவரைக் காப்பாற்ற அடுத்தவர் அப்படியே குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பேர் போகிறார்கள். கயிறு, காலி வாட்டர் கேன், கார் ஸ்டெப்னி டயர்... மிதக்கிற எதையாவது வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, கள்ளக்கடல். எங்கோ தூரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை, இங்கே மழையும் காற்றும் இல்லாத நாளில் திடீரென்று வந்து அறையும். 2024 மே 6இல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படித்தான். கடல் கொந்தளிப்பு பற்றிய எச்சரிக்கை அப்போது ஏற்கெனவே வெளியாகியிருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. நாம் கிளம்பும் முன் டிராஃபிக் பார்க்கிறோம். அதோடு இதையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம்.

குளித்தே ஆக வேண்டும் என்றால்? கோவளமும், புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையும் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றன. குளிக்க எல்லை குறித்து, உயிர்காக்கும் ஆட்களை நிறுத்துவது அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. அங்கேயும் ஆள் பணியில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. இந்த நாலு நம்பரையும் இப்போதே சேவ் பண்ணிவிடுங்கள்.

அடுத்த தலைமுறைக்கு இந்தக் கரை இருக்குமா?

1990 முதல் 2018 வரையிலான தரவுகளை வைத்து தேசியக் கடலோர ஆய்வு மையம் செய்த ஆய்வில், தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. நாம் போகும் வழியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

தரங்கம்பாடி கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கோயிலின் முன் பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பதைக் கல் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் நடந்தது வேறு கதை. கிழக்குக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் நீட்டப்பட்டன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. அதைக் காக்கக் கல் சுவர் போட்டார்கள். அரிப்பு நிற்கவில்லை, வடக்கே தமிழ்நாட்டு மீனவ கிராமங்களுக்கு இடம் மாறியது. 2018-19இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு, காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. பொம்மையார்பாளையம் பக்கம் வீடு இழந்தவர்களுக்கு அந்த மணல் திரும்பவில்லை.

சுற்றுலா வருகிற இடத்தில் கரை காப்பாற்றப்படுகிறது, வராத இடத்தில் கேட்க ஆள் இல்லை. இதனாலேயே ஆலம்பரை, அரிக்கமேடு, பூம்புகார் மாதிரி இடங்களுக்கு ஆட்கள் போவது முக்கியம். நாலு பேர் போனால்தான் வழிகாட்டிப் பலகை வரும், காவலாளி வருவார், 'இதைக் காப்பாற்றுங்கள்' என்ற குரலும் வரும். அதே சமயம், வெனிஸ் மாதிரி எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நாளில் குவிந்தால் ஊரே வெறுத்துப் போகும். புதுச்சேரியில் நியூ இயர் இரவில் அதன் சாயல் ஏற்கெனவே தெரிகிறது.

ரூம் புக்கிங்கில் கவனம்

ஓட்டல் பெயரில் போலி வெப்சைட் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் மோசடி நடக்கிறது. கூகுளில் முதலில் வரும் நம்பருக்கு ஜிபே பண்ணிவிடாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 12 போட்டிருந்தால் கேளுங்கள். புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

சுருக்கமாக...

* மாதம்: ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை. முடிந்தவரை வார நாட்கள்.
* தவிர்க்க வேண்டியது: நவம்பர், டிசம்பர், காணும் பொங்கல், நியூ இயர்.
* வழி: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம். காலை 6 மணிக்கு முன்.
* இரவுத் தங்கல்: முதல் நாள் புதுச்சேரி, இரண்டாம் நாள் சிதம்பரம்.
* கிளம்பும் முன்: வானிலை மையம், இன்காய்ஸ் எச்சரிக்கை இரண்டும்.
* கடலில்: உயிர்காக்கும் ஆள் இல்லாத இடத்தில் இறங்குவதில்லை. பிள்ளைகள் கை எட்டும் தூரத்தில்.

லீவு எடுக்கும் தேதியை ஆபீஸ் முடிவு செய்யலாம். கடலில் இறங்கலாமா வேண்டாமா என்பதை அன்றைய கடல்தான் முடிவு செய்யும். வேண்டாம் என்று சொல்கிற நாளில் கரையில் உட்கார்ந்து ஒரு சுண்டல் பொட்டலத்தோடு பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் நல்ல ட்ரிப்தான்.